மூன்று மழைக்காலங்களும் உப்பனாற்றுச் சேறும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகர் படகுத் துறையில் நின்று பேச்சுக் கொடுத்தால் ஒரு கருத்து திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ஒரு நல்ல தண்ணி வந்துச்சுன்னா உப்பனாறு சுத்தமாயிடும் சார்." மீனவர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் இதையே கொஞ்சம் வேறு சொற்களில் சொல்வார்கள். மழைக்காலம் ஓய்ந்து, ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடி, வலையில் மடவையும் இறாலும் விழத் தொடங்கும்போது அது உண்மை போலத்தான் தெரியும். சித்திரை வெயிலில் அதே ஆறு பச்சையேறி, கடல் இறங்கும் வற்றத்தின்போது கரையில் முட்டை அழுகிய நாற்றம் வரும். கழுவிக்கொண்டு போனதாகச் சொன்னது எங்கிருந்து திரும்பி வந்தது என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

பெரும்பகுதி அடியிலிருந்துதான் வருகிறது. தண்ணீரைப் பொறுத்தவரை மீனவர்கள் சொல்வது சரி: வெள்ளம் கழுவுகிறது. சேற்றின் கணக்கு வேறு. கடலூர் மூன்று பெரிய அடிகளை வாங்கியிருக்கிறது: 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து வந்த தென்பெண்ணை வெள்ளமும். மூன்றும் ஒரே மாதிரி நிகழ்வுகள் அல்ல. ஒன்று காற்று, ஒன்று மழை, ஒன்று மழையும் அணைத் தண்ணீரும். பாசிக்குச் சத்தாகிச் சேற்றில் தங்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இவை ஒவ்வொன்றும் எப்படிப் புரட்டிப்போடும், மாசுபட்ட சேறு ஏன் மற்றச் சேறு போல மீண்டு வருவதில்லை என்பதுதான் இங்கே பார்க்கப் போவது. புயல் எதை அள்ளிக்கொண்டு போனது என்பதைவிட, எதை விட்டுவிட்டுப் போனது, அதைச் செரிக்கும் நிலையில் சேறு இருக்கிறதா என்பதுதான் அடுத்த கோடையைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

இடம்

உப்பனாறு தனியாக ஒரு மலையில் பிறந்து வரும் ஆறு அல்ல. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் உபரியும் நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைத்து விடும் நீரும் பரவனாற்றில் சேர்கின்றன. அது கடலை நெருங்கியதும் நேராகப் போய் விழாமல், கரைக்கு இணையாக வடக்கே திரும்பி ஓடுகிறது. உப்பேறிய அந்தக் கீழ்ப்பகுதியைத்தான் ஊரில் உப்பனாறு என்கிறோம். முதுநகர் துறைமுகத்தருகே கெடிலம் ஆறும் அதுவும் சேர்ந்து கடலைத் தொடுகின்றன. தென்பெண்ணை இதற்கு வடக்கே தாழங்குடா பக்கம் தனி முகத்துவாரம் வைத்திருக்கிறது.

1980களில் சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பலவகை ரசாயனங்கள். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது கடலூருக்குக் கிடைத்தது 77.45. எழுபதைத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி'. இந்தப் பரீட்சையில் மட்டும் அதிக மார்க் வாங்கினால் கொண்டாட முடியாது. இவற்றோடு நகரத்துச் சாக்கடை, மேற்கே வயல்களிலிருந்து வரும் உரம், கரையோர இறால் குளங்களின் கழிவுநீர் எல்லாம் வந்து சேருமிடமும் இதே ஆறுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இந்தக் கரையில் கடலின் ஏற்றவற்றம் குறைவு, பெரும்பாலும் 1 மீட்டருக்குள் அடங்கிவிடும். மேலிருந்து நல்ல நீரோட்டம் வருவதோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மீதி மாதங்களில் ஆறு கிட்டத்தட்டத் தேங்கிக் கிடக்கும் உப்புத் தண்ணீர். அப்போது நீரின் குணத்தை நிர்ணயிப்பது மேலிருந்து வருவதைவிட, அடியில் கிடப்பது.

சேற்றுக்குள் நடக்கும் வேலை

ஆற்றின் அடியில் விழுகிற இலை, பாசி, மலம், செத்த புழு எல்லாமே பாக்டீரியாக்களின் சாப்பாடு. அவற்றைச் செரிக்க ஆக்சிஜன் வேண்டும். சத்து நிறைந்த கடலோரச் சேற்றில் ஆக்சிஜன் இறங்குவது மேலே சில மில்லிமீட்டர் வரைதான். அதற்குக் கீழே வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேறு பொருள்களை வைத்து மூச்சு விடுகின்றன: முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசும் இரும்பும், அதற்கும் கீழே சல்பேட், கடைசியாக மீத்தேன் உண்டாக்கும் வழி. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் கழிமுகச் சேற்றில் சல்பேட்டுக்குப் பஞ்சமே கிடையாது. கரையோரச் சேற்றில் நடக்கும் மொத்தச் செரிமானத்தில் பாதியளவுக்குச் சல்பேட் வழியாகவே நடக்கும். அதன் கழிவுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அந்த முட்டை நாற்றம் வருவது இதிலிருந்துதான்.

நைட்ரஜனின் பாதை இந்த அடுக்குகளுக்கு ஊடாகப் போகிறது. புரதம் அழுகும்போது அம்மோனியம் வெளிவருகிறது. மேலே உள்ள மெல்லிய ஆக்சிஜன் அடுக்கில் அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அந்த நைட்ரேட் கொஞ்சம் கீழே, ஆக்சிஜன் இல்லாத அடுக்குக்கு நழுவும்போது இன்னொரு கூட்டம் அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. கழிமுகம் தனக்கு மிஞ்சிய நைட்ரஜனை நிரந்தரமாகக் கழித்துக்கொள்ளும் பெரிய வாசல் இதுதான். இதற்கு ஆக்சிஜன் உள்ள அடுக்கும் இல்லாத அடுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று போனால் மற்றொன்றும் நின்றுபோகும்.

பாஸ்பரஸுக்கு வாயுவாகப் போகும் வழி கிடையாது. அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் உள்ள இடத்தில் துருவாக இருக்கிற இரும்பு, பாஸ்பேட்டை அடகுக்கடைக்காரர் நகையை வைத்திருப்பது போல இறுக்கமாக வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு கரைந்ததும் பாஸ்பேட் விடுதலை. சல்பைடு மிகுந்த இடத்தில் இன்னும் மோசம்: இரும்பு சல்பைடோடு சேர்ந்து கறுப்பு இரும்புச் சல்பைடாகிவிடும். திரும்ப ஆக்சிஜன் வந்து அதைத் துருவாக்கும்வரை அந்த இரும்பால் பாஸ்பேட்டைப் பிடிக்க முடியாது.

இதில் நண்டுக்கும் புழுவுக்கும் பெரிய பங்குண்டு. அவை தோண்டும் வளைகளின் சுவர் முழுக்க ஆக்சிஜன் ஏறிய பழுப்பு நிறத் தோல் இருக்கும். மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்கவேண்டிய அந்த அடுக்கு, வளைகளின் வழியாகச் சேற்றுக்குள் ஆழமாக இறங்கி, மொத்தப் பரப்பு பல மடங்காகிறது. கழி நண்டைக் குழம்புக்கு ஆகும் பொருளாக மட்டும் பார்க்கிறோம். இந்த ஆற்றில் சம்பளம் வாங்காமல் சுத்திகரிப்பு நிலையம் நடத்துவது அதுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். சமூக ஊடகத்தில் கறுப்புச் சேற்றை அள்ளிக் காட்டி "பாருங்கள் மாசு" என்று போடும் படங்கள் நிறைய. கறுப்பு என்பது இரும்புச் சல்பைடின் நிறம், அவ்வளவுதான். பிச்சாவரத்தில் சுரபுன்னை வேருக்கடியில் கைவிட்டாலும் அதே கறுப்பு, அதே நாற்றம். பார்க்க வேண்டியது கறுப்புக்கு மேலே பழுப்புத் தோல் இருக்கிறதா, வளைகள் இருக்கின்றனவா, அவற்றின் ஓரம் துரு நிறமாக இருக்கிறதா என்பதை. கறுப்பு மேற்பரப்பு வரை ஏறி, வளையே இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் கவலை.

மாசு சேற்றை எப்படி முடக்குகிறது

உப்பனாற்று வண்டலில் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவற்றை அளந்த ஆய்வுகள் பல உண்டு. தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதியில் அவை கூடுதல் என்பதில் யாருக்கும் வியப்பு இருக்காது. இந்த உலோகங்கள் மீனில் சேருமா, மனிதருக்கு வருமா என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம். சத்துச் சுழற்சியில் அவை செய்வதைப் பற்றிப் பேச்சு குறைவு.

அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை, நச்சுக்கு எளிதில் சுருண்டுவிடுபவை. சல்பைடும் உலோகங்களும் அவற்றைத்தான் முதலில் தாக்கும். அவை நின்றால் நைட்ரேட் உண்டாகாது. நைட்ரேட் இல்லையென்றால் வாயுவாகக் கழியும் வாசல் மூடிக்கொள்ளும், அம்மோனியம் நேராக மேலே தண்ணீருக்குத் திரும்பும். அரைகுறையாக நடந்தாலும் சிக்கல் உண்டு. நைட்ரஜன் வாயுவாக முடிவதற்கு முந்தைய படி நைட்ரஸ் ஆக்சைடு. கடைசிப் படியைச் செய்யும் நொதி சல்பைடுக்கும் உலோகத்துக்கும் எளிதில் தடைபடும். அப்போது வெளியே போவது நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 270 மடங்கு. சல்பைடு அதிகமானால் இன்னொரு வழியும் திறக்கும்: இருக்கிற கொஞ்ச நைட்ரேட்டையும் சில பாக்டீரியாக்கள் மறுபடி அம்மோனியமாகவே மாற்றிவிடும். கழிய வேண்டியது வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

சாக்கடை வேறு விதமாக வேலை செய்கிறது. அது சேற்றுக்கு அளவுக்கு மீறிய சாப்பாடு. ஆக்சிஜன் அடுக்கு மெலிகிறது, சல்பைடு மேலே ஏறுகிறது, புழு பூச்சி சாகிறது, வளை போகிறது. தொழிற்சாலைக் கழிவு பாக்டீரியாவைத் தாக்குவதும் சாக்கடை ஆக்சிஜனைத் தின்பதும் ஒரே முடிவில்தான் சந்திக்கின்றன. உப்பனாற்றுக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 1 கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும். நம் கோடைச் சூட்டில், 30 டிகிரியில், உப்புத் தண்ணீர் முழுக்கக் குடித்தாலும் லிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். அதாவது சேற்றிலிருந்து லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் ஏறினால், அதை மாற்றவே நீரிலுள்ள ஆக்சிஜனில் முக்கால் பங்கு போய்விடும். மீனுக்கு மிச்சம் என்ன?

தானே, 2011: காற்று கொண்டுவந்த இலை

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று, கரையோரத்தில் 1 மீட்டர் அளவுக்குக் கடல் ஏற்றம். மாவட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததுதான். சேற்றைப் பார்ப்பவனுக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது: ஒரே காலையில் ஒரு மாவட்டத்தின் இலை முழுக்கத் தரையில் விழுந்தது.

இலையில் கரி (கார்பன்) அதிகம், நைட்ரஜன் குறைவு. கடல் பாசியில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறக்குறைய 106-க்கு 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். மர இலையிலும் குச்சியிலும் நைட்ரஜன் அதைவிட மிகக் குறைவு. இப்படிப்பட்டது அடியில் போய்ப் படிந்தால் பாக்டீரியா முதலில் சுற்றியிருக்கும் அம்மோனியத்தைத் தன் உடம்புக்கு எடுத்துக்கொள்ளும். எனவே புயலடித்த முதல் வாரங்களில் தண்ணீரில் சத்து குறைந்ததாகக்கூடக் காட்டலாம். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இலையின் கரி மாதக்கணக்கில் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும்.

தானேயின் உண்மையான தொல்லை அதன் தேதி. டிசம்பர் 30 என்றால் பருவமழை முடிந்துபோன நேரம். அதற்குப் பிறகு அடித்துக்கொண்டு போக வெள்ளம் கிடையாது. ஓடைகளிலும் கால்வாய்களிலும் விழுந்ததில் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்த பங்கு, அடுத்த ஒன்பது மாதம் தேங்கிய உப்புத் தண்ணீரின் அடியில் சல்பேட் வழியாகச் செரிக்கப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. இதே புயல் நவம்பர் முதல் வாரத்தில் வந்திருந்தால் கதை வேறு.

காற்றுப் புயலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆழம் குறைந்த ஆற்றில் அலை அடியைக் கலக்கும்போது சேற்றின் துளைகளுக்குள் தேங்கியிருந்த அம்மோனியமும் பாஸ்பேட்டும் ஒரே மூச்சில் மேலே வரும். கறுப்பு இரும்புச் சல்பைடு ஆக்சிஜனைக் கண்டதும் சில மணி நேரத்தில் துருவாகும். அதற்கான ஆக்சிஜனை அது சுற்றியுள்ள நீரிலிருந்துதான் உறிஞ்சும். இப்படிப் புதிதாகப் பிறந்த துரு, வெளிவந்த பாஸ்பேட்டில் கொஞ்சத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பது நல்ல செய்தி. ஆனால் சல்பைடோடு கட்டுண்டு கிடந்த துத்தநாகமும் காட்மியமும் அதே வேளையில் கட்டவிழ்கின்றன. சுத்தமான ஆற்றில் புயல் கலக்கினால் சத்து மட்டும் மேலே வரும். உப்பனாறு போன்ற இடத்தில், சத்தோடு அதைச் செரிக்க வேண்டிய பாக்டீரியாவுக்கான நஞ்சும் கூடவே வருகிறது.

2015: செம்மண் வெள்ளம்

மூன்றில் எனக்கு மிகச் சுவையான நிகழ்வு இதுதான். 2015 நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று பெரிதாக இல்லை, மழைதான். பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஊர்களில் ஓடை உடைத்து வந்த வெள்ளத்தில் உயிர்ப்பலி. அதற்குப் பிறகும் டிசம்பர் வரை மழை விடவில்லை.

அந்த வெள்ளத்தின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். செம்மண் நிறம். பண்ருட்டி, நெய்வேலி மேட்டு நிலமெல்லாம் 'கடலூர் மணற்கல்' என்று நிலவியலார் பெயர் வைத்திருக்கிற பாறையின் மேல் உண்டான சிவப்பு மண். சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. அதாவது, மேட்டு நிலத்திலிருந்து வந்த வெள்ளம் கழிமுகத்துக்குத் துருவைச் சுமந்துகொண்டு வந்தது. சல்பைடு நிறைந்த கறுப்புச் சேற்றின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்தால் அது மருந்து மாதிரி. சல்பைடைக் கட்டிப்போடும், பாஸ்பேட்டைப் பிடிக்கும், நஞ்சு குறைந்த ஒரு புதுத் தரையைப் புழுவுக்கும் நண்டுக்கும் கொடுக்கும். "நல்ல தண்ணி வந்தா சுத்தமாயிடும்" என்ற துறைமுகத்துப் பேச்சில் நான் ஒப்புக்கொள்ளும் பாதி இதுதான். அழுக்கைக் கழுவியதைவிட, மேலே செம்மண் போர்த்தியதுதான் பெரிய உதவி.

ஆனால் மூன்று தடைகள். முதலாவது, பரவனாற்றுப் பக்கம் வரும் மண்ணில் பெரும்பங்கு பெருமாள் ஏரியிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே தூர்ந்து மேடாகிக் கிடக்கும் ஏரி அது. உப்பனாற்றின் தெற்குப் பகுதிக்கு, அதாவது மருந்து அதிகம் தேவைப்படும் இடத்துக்கு, கிடைப்பது வடிகட்டிய மிச்சம். கெடிலம் வழி வருவது முகத்துவாரத்தருகே சேர்கிறது.

இரண்டாவது, உப்பு. வெள்ள நாள்களில் கழிமுகம் முழுக்க நன்னீர். சல்பேட் அளவு சரிந்துவிடும், சல்பைடு உற்பத்தியும் குறையும். அந்த நேரத்தில் வயல்களிலிருந்து வந்த களிமண் துகள்கள் உரத்தின் அம்மோனியத்தைத் தங்கள் மேல் ஒட்டவைத்தபடியே படிகின்றன. ஜனவரியில் கடல் திரும்ப உள்ளே ஏறும்போது, கடல்நீரின் சோடியமும் மெக்னீசியமும் களிமண்ணின் மேல் இடம் பிடித்து, அம்மோனியத்தைத் தள்ளிவிடுகின்றன. வெள்ளத்தின்போது நீரை அளந்து "சத்து எல்லாம் கடலுக்குப் போய்விட்டது" என்று அறிக்கை எழுதியவர், இரண்டு மாதம் கழித்து வெள்ளமே இல்லாத நாளில் அம்மோனியம் ஏறுவதைக் காண மாட்டார். அவர் வரமாட்டார், அறிக்கை முடிந்துவிட்டது.

மூன்றாவது, காலம். செம்மண் போர்வை நிலையானதல்ல. கீழேயிருந்து சல்பைடு ஏற ஏற அது மெல்லக் கறுக்கும். நண்டும் புழுவும் குடியேறிச் சேற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தால் அந்த இரும்பு மறுபடி மறுபடி துருவாகிப் பல ஆண்டு உழைக்கும். குடியேற்றம் நடக்காத இடத்தில் ஒரே கோடையில் தீர்ந்துபோகும். தீரும்போது, பிடித்துவைத்திருந்த பாஸ்பேட்டையும் சேர்த்து விட்டுவிடும். ஆக, ஒரே வெள்ளம், ஒரே மண், இரண்டு விதமான விளைவு. மாசு இல்லாத இடத்தில் அது சேற்றுக்குப் புது வாழ்வு. கழிவு தொடர்ந்து விழும் இடத்தில் ஒரு வருடத் தவணை. வெள்ளத்தின் அளவைவிட, அது வடிந்தபின் என்ன விழுகிறது என்பதுதான் வித்தியாசம்.

ஃபெஞ்சல், 2024: இரண்டு தண்ணீர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகர மறுத்து அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. ஒரு சதுர கிலோமீட்டரில் 48 செ.மீ. என்றால் 48 கோடி லிட்டர். இது நகரத்தின் மேல் விழுந்த மழை. சாக்கடை, குப்பைமேடு, எண்ணெய், கழிவுநீர்த் தொட்டி எல்லாவற்றையும் நனைத்து இறங்கியது.

இரண்டு நாள் கழித்து வந்தது வேறு தண்ணீர். டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. வினாடிக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். தென்பெண்ணை கரையை மீறிக் கடலூரின் வடக்குப் பகுதிகளுக்குள் வந்தது. மலட்டாறு வழியாகப் பிரிந்த வெள்ளம் அரசூரில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது, கெடிலத்துக்கும் அதில் பங்குண்டு.

அணை வெள்ளம் எளிய ஆற்று வெள்ளம் அல்ல. நீர்த்தேக்கத்தில் நின்ற நீரில் கனமான வண்டல் அடியில் தங்கிவிடும். டயட்டம் என்ற பாசிக்கு ஓடு கட்டத் தேவையான சிலிக்காவிலும் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். அணைக்குக் கீழே போகும் வழியில் கரையை அரித்து எடுக்கும் மண்தான் மிச்சம். அதோடு, இவ்வளவு வேகமாகப் பாயும் நீர் போர்த்தாது, சுரண்டும். தாழங்குடா முகத்துவாரத்தில் மணல்திட்டை உடைத்து, அடிச் சேற்றை வழித்துக் கடலுக்குத் தள்ளும். அந்தச் சேறு மறைந்துபோகவில்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா குப்பங்களுக்கு நேரெதிரே ஆழமில்லாக் கடலில் படியும். ஆற்றுக்குத் தீர்ந்தது, கடலோரத்துக்குத் தொடங்கியது.

உப்பனாறு இந்தச் சுரண்டலின் நடுவழியில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தென்பெண்ணையின் வெள்ளம் வடக்கே போய்விட்டது. உப்பனாற்றின் தெற்குக் கைக்கு வந்தது பெரும்பாலும் தன் சொந்த மழைநீர்தான். கடலூர் முழுக்க மூழ்கியது என்று செய்தியில் சொன்னாலும், மாசு அதிகம் தேங்கிய சேறு தன் இடத்திலேயே பெரும்பாலும் அசையாமல் இருந்திருக்கும். ஊரைக் கழுவிய வெள்ளம், கழுவ வேண்டிய இடத்தை மட்டும் தவிர்த்தது.

அரியாங்குப்பம்: ஒப்பிட ஒரு கழிமுகம்

வடக்கே புதுச்சேரியில், செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி கடலருகே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிகிறது. அரிக்கமேடு இருக்கும் கரை அதுதான். அங்கே தொழிற்சாலைக் கழிவைவிட நகரச் சாக்கடையும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் கழிவும் பெரிது. ஓரங்களில் அலையாத்தி மரங்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒரே புயல் இரண்டு கழிமுகத்தையும் அடித்தாலும் மீட்சி ஒரே மாதிரி இருக்காது. சாக்கடைச் சேறு அளவுக்கு மீறித் தின்ற சேறு. சாப்பாட்டைக் குறைத்தால் சில பருவங்களில் தேறிவிடும். உலோகம் ஏறிய சேற்றுக்குச் சாப்பாட்டைக் குறைத்தாலும் பாக்டீரியா எளிதில் திரும்பாது. இதனால்தான் புதுச்சேரிக்குச் சுத்திகரிப்பு நிலையம் போதும் என்கிறேன், கடலூருக்கு அது மட்டும் போதாது என்கிறேன்.

என்ன செய்யலாம்

துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர்வாருவது கடலூரில் அடிக்கடி எழும் பேச்சு. தூர்வாரல் என்பது மனிதர் செய்யும் சின்னப் புயல்தான்: அதே கலக்கல், அதே அம்மோனியம், அதே உலோகம். கோடையில், நீர் சூடாகி ஆக்சிஜன் குறைந்து ஓட்டமும் இல்லாதபோது அதைச் செய்வது மிக மோசமான தேர்வு. பருவமழையின் கடைசி ஓட்டம் இருக்கும்போதே, வற்ற நேரத்தில் செய்வது பரவாயில்லை. வாரியதைக் கரையில் குவித்துக் காயவிட்டால் சல்பைடு காற்றில் பட்டு அமிலமாகி, அடுத்த மழையில் உலோகத்தோடு சேர்ந்து ஆற்றுக்கே வடியும். அந்தக் குவியலை எங்கே, எதன் மேல், எந்த உயரத்தில் வைக்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

அளவெடுக்கும் முறையும் மாற வேண்டும். புயலடித்த வாரத்தில் எல்லோரும் தண்ணீரை அளக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விக்குப் பதில் ஜனவரி கடைசியில், உப்பு திரும்பும்போது ஒருமுறையும், ஏப்ரலில் ஒருமுறையும் கிடைக்கும். அதற்குப் பெரிய ஆய்வகம்கூட உடனே தேவையில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி மேலே அடைத்து இழுத்தால் அடுக்குகள் அப்படியே தெரியும். பழுப்புத் தோல் எத்தனை மில்லிமீட்டர், வளை எத்தனை என்று அளவுகோல் வைத்து எழுதலாம். அம்மோனியாவுக்கு இறால் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் டெஸ்ட் கிட் ஆரம்பத்துக்குப் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நைட்ரஜன் வாயுவாகக் கழியும் வேகம், நைட்ரஸ் ஆக்சைடு போன்றவற்றை அங்கே அளக்கலாம். சேறு எடுக்கும் வேலையை முதுநகர், சோனங்குப்பம் இளைஞர்களிடம் கூலி கொடுத்து ஒப்படைத்தால் வருடம் தவறாமல் நடக்கும், எந்த இடத்தில் கால் புதையும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆக்சிஜன் அளவை மட்டும் விடியுமுன் எடுக்கச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் சேறும் பாசியும் ஆக்சிஜனைத் தின்று முடித்திருக்கும் நேரம் அது. பத்து மணிக்கு ஜீப்பில் வந்து எடுத்தால் வெயிலில் பாசி விட்ட ஆக்சிஜன் சேர்ந்து, படிவத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே பதிவாகும்.